அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ள விடுங்கள்

"வீட்டிலேயே செய்யலாமே, ஜிம்முக்கு எதுக்குத் தண்டமா காசு?"

இந்த ஒரு கேள்வியை இந்த வாரத்தில் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நாத்தனார், அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர், அப்பார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் ஒரு பெரியவர், கடைசியாக என் வீட்டுக்காரர். நாலாவது தடவை எனக்கு அடக்க முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 43 வயது. திருச்சி உறையூரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். போன வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசல்படியில் நிற்கிறோம் என்று அர்த்தம். அம்மாவுக்குச் சர்க்கரை, பெரியம்மாவுக்குச் சர்க்கரை. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "நடங்க, ஆனா நடை மட்டும் போதாது, தசைக்கு வேலை குடுங்க" என்றார். காரணத்தையும் சொன்னார். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். வயது ஏற ஏறத் தசை கரைகிறது, சர்க்கரை தங்க இடமில்லாமல் ரத்தத்திலேயே சுற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கும் இதுதான்: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி. பிரித்துப் பார்த்தால் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். நான் கேட்பது அந்த அரை மணியைத்தான்.

சரி, வீட்டிலேயே செய்வோம் என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். அப்போது ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். காலை 5.50க்கு ஹாலில் மேட்டை விரித்தேன். முதல் இருபது பஸ்கி முடிவதற்குள் பால்காரர் மணி அடித்தார். அதே ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த மாமனார் தலையை நிமிர்த்தவில்லை, நான்தான் போய்க் கதவைத் திறந்தேன். முட்டி போட்டுத் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தேன், எட்டாவது எண்ணும்போது உள்ளேயிருந்து அத்தை, "ஏம்மா, தண்ணி வருது, மோட்டார் போட்டியா?" என்றார். எழுந்து போட்டுவிட்டு வந்தேன். மகன் என் காலைத் தாண்டிப் போய் சார்ஜர் தேடினான். கிடைக்கவில்லை என்று என்னிடமே கேட்டான். குக்கர் இரண்டு விசில் விட்டது. மறுபடி மேட்டில் படுத்து முதுகை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தேன், மூச்சு வாங்குகிறது, நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணில் இறங்குகிறது. தலைக்கு மேலேயிருந்து மாமனார் குரல்: "காபி ஆச்சா?"

6.20க்கு மேட்டைச் சுருட்டினேன். அந்த முப்பது நிமிடத்தில் நான் உடற்பயிற்சி செய்தது 11 நிமிடம். செல்போனில் ஓடிய கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

வீட்டிலேயே செய் என்று சொல்பவர்களுக்கு வீடு என்றால் சும்மா இருக்கும் இடம். எனக்கு அது வேலை நடக்கும் இடம். நான் அங்கே நின்றால் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று என்னிடம் கேட்கத் தோன்றும். படுத்திருந்தால் இன்னும் தோன்றும். பல் தேய்க்கும்போதுகூடக் கூப்பிடுவார்கள்.

ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, "தலையில இடிக்கிற மாதிரி இருக்குங்க" என்றார். அவர் மேல் தப்பே இல்லை, அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் பூட்டியிருக்கிறது, சாவி அசோசியேஷன் செயலாளர் வீட்டில். ஆறு மணிக்கு அவர் வீட்டு மணியை அடிக்க முடியுமா?

அடுத்தது, "வீட்டு வேலை செய்றியே, அதுவே எக்சர்சைஸ்தானே?" என்கிறவர்கள். இவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அந்தக் காலத்தில் அம்மி, ஆட்டுக்கல், கிணற்றில் நீர் இறைப்பது என்று ஆரம்பித்துவிடுவார்கள். இன்றைக்கு என் வீட்டில் மாவு அரைப்பது கிரைண்டர். துணி துவைப்பது மெஷின். நான் செய்வது நின்றுகொண்டே இருப்பது, குனிவது, நிமிர்வது, தூக்கிக்கொண்டு நடப்பது. இடுப்பு வலிக்கும், குதிகால் வலிக்கும், தசை வளராது. தசை வலுவாக வேண்டுமென்றால் அது தூக்கும் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். இருபது வருடமாக நான் தூக்குவது அதே குக்கர், அதே தண்ணீர்க் குடம். அசதி வேறு, உடற்பயிற்சி வேறு. அசந்துபோய் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து உனக்குத்தான் பயிற்சி ஆகிவிட்டதே என்று சொல்வதற்கு எப்படி வாய் வருகிறது?

இதற்காகத்தான் ஜிம்மில் சேர்ந்தேன். அந்தக் கதை வேறு.

பெயர் வேண்டாம். மாதம் 1,500, மொத்தமாக ஒரு வருடத்துக்குக் கட்டினால் 10,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி என்றார்கள். வருடத்துக்கே கட்டினேன். கட்டிய பிறகுதான் பெண்களுக்கான நேரத்தைச் சொன்னார்கள்: காலை 11 முதல் 1 வரை. மாலை 3 முதல் 5 வரை. நான் ஒன்பதரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும், வீடு திரும்ப ஆறேகால் ஆகிறது. 11 மணிக்கு நான் எப்படி வருவேன்? "பொதுவான நேரத்துல வாங்க மேடம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் மேனேஜர். போனேன். காலை ஆறு மணிக்கு நாற்பது ஆண்கள், காது கிழிகிற பாட்டு, எடைக் கருவி ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் வரிசை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, உண்மைதான். பார்த்தார்கள். நான் குனிந்தால் பார்த்தார்கள்.

பயிற்சியாளர் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். என்னை நேராக டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு, "லேடீஸுக்கு இது போதும் மேம்" என்றார். வெயிட் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். உடம்பு ஆம்பளை மாதிரி முறுக்கிக்கொள்ளும் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த அளவுக்குத் தசை புடைக்க வைப்பதில் பெரும்பங்கு ஆண்களின் ஹார்மோனுக்கு. பெண்கள் உடம்பில் அது மிகச் சொற்பம். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 49 கிலோ எடைப்பிரிவில் மீராபாய் சானு 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நின்றாரே, அந்தச் சின்ன உருவத்தை நாடே பார்த்ததே. நான் கேட்டது ஐந்து கிலோ டம்ப்பெல்லைச் சரியாகப் பிடிப்பது எப்படி என்று மட்டும்தான். அதைச் சொல்லித்தர பெர்சனல் டிரெய்னிங், மாதம் 5,000 தனி. அப்புறம் புரோட்டீன் டப்பா ஒன்றைக் கையில் திணித்தார்கள்.

ஏழு வாரம் போனேன். பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள்: செலுத்திய கட்டணம் திரும்பத் தரப்படாது. நேரத்தைச் சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டு இப்படி ஒரு வரியைக் காட்டினால் அது நியாயமா? நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன், விடப்போவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கான ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதன் பிறகு போன் செய்து, "ரென்யூ பண்ணிக்கோங்க மேம்" என்றபோது சொன்ன தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை.

எல்லா ஜிம்மும் இப்படி என்று சொல்லவில்லை. ஒழுங்காக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகுக்கும் தோளுக்கும் இழுத்துச் செய்யும் பயிற்சிகளுக்குக் கருவியோ தொங்கக் கம்பியோ வேண்டும், வீட்டில் அது கஷ்டம். தப்பாகக் குனிந்து தூக்கினால் அங்கேயே திருத்த ஆள் வேண்டும். காசு கொடுப்பது இதற்காகத்தான். காலுக்கும் மார்புக்கும் வீடே போதும்: பஸ்கி, சுவரில் தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்குவது. எது ஒசத்தி என்ற சண்டையே எனக்கு வேண்டாம். எனக்கு இரண்டு இடத்திலும் கதவு அடைத்திருக்கிறது, என் சண்டை அதோடுதான்.

2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு ஆய்வு வந்தது. இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத பெண்கள் 57 சதவீதம், ஆண்கள் 42 சதவீதம். உடனே டிவியில் உட்கார்ந்து பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்றார்கள். விழிப்புணர்வு எனக்கு நிறைய இருக்கிறது. என் வீட்டுக்காரர் தினமும் ஐந்தேகாலுக்கு ஷூ மாட்டிக்கொண்டு அண்ணா விளையாட்டரங்கத்துக்கு நடக்கக் கிளம்புகிறார். நல்ல பழக்கம், நான்தான் கிளப்பிவிட்டேன். இந்த ஆறு வருடத்தில் ஒருவர்கூட அவரைப் பார்த்து, "ஹாலிலேயே நடக்கலாமே" என்று கேட்டதில்லை. அவர் நடுவழியில் நிற்கும்போது யாரும் போன் போட்டு மோட்டார் போட்டாச்சா என்று கேட்பதில்லை. திரும்பி வந்தால் காபி தயாராக இருக்கிறது.

நேற்று இரவு சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை முதல் 5.50இலிருந்து 6.20 வரை படுக்கையறைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கும். டிகாக்‌ஷன் இறக்கி வைத்திருப்பேன், பால் ஃப்ரிட்ஜில் இருக்கும். மோட்டார் சுவிட்ச் பாத்ரூம் பக்கத்தில், மேலிருந்து இரண்டாவது.