சுகர் பார்க்க வருகிறவர் பல்லையும் பார்த்தால் என்ன?

உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் என் அத்தைக்கு எட்டு மாதமாகக் கடைவாய்ப் பல் வலி. கிராம்பைக் கடித்தார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், மெடிக்கலில் 'பல் வலிக்கு ஒரு செட்' என்று கேட்டு வாங்கி விழுங்கினார். கண்டங்கத்திரி விதைப் புகை காட்டிப் புழு எடுக்கிறவரிடமும் போய் வந்தார். (பல்லில் புழு கிடையாது. இதைச் சொன்னதற்கு நான் வாங்கிய பேச்சு தனிக்கதை.) கடைசியில் ஒரு ராத்திரி தாடை வீங்கி, வாயே திறக்க முடியாமல், வண்டி பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். பல் போனது. வண்டி வாடகை, மருந்து, எனக்கும் மாமாவுக்கும் போன வேலைநாள் என்று கூட்டிப் பார்த்தால், சொத்தை சின்னதாக இருந்தபோதே அடைத்திருக்கக்கூடிய செலவைப் போலப் பல மடங்கு.

அந்த எட்டு மாதமும் ஒரு பெண் தவறாமல் அத்தை வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பிரஷர், சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். அதே ஊர்க்காரர். "மதினி கன்னத்துல கை வச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பாக. கேட்டா ஒண்ணுமில்லம்பாக. வாய்க்குள்ள என்ன பார்க்கணும்னு எனக்கு யாருண்ணே சொல்லிக் கொடுத்தா?" என்றார்.

நியாயம்தானே? ஊரில் யார் யாருக்குச் சுகர் என்ற கணக்கு அவர் நோட்டில்தான் இருக்கிறது. சுகர் கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு கெடும். ஈறு கெட்டுப்போனால் சுகர் இறங்க அடம்பிடிக்கும். இரண்டையும் ஒரே திண்ணையில் பார்த்துவிடலாம்.

அவரைப் பல் பிடுங்கச் சொல்லவில்லை. டார்ச் அடித்துச் சொத்தை, ஈறில் ரத்தம், சீழ், கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இவற்றை அடையாளம் காணப் பழகினால் போதும். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் கிழவிகளும், உதட்டுக்குள் பாக்கெட் புகையிலை ஒதுக்கும் பையன்களும் இருக்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கி, மருத்துவர் அல்லாத பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக வாய் பார்க்க வைத்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் முடிவு வந்தது.

இன்னொன்று, சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவவும் அவருக்குப் பழக்கலாம். ஊசியும் இல்லை, மெஷினும் இல்லை. சொத்தையில் தடவினால் பெரும்பாலும் அது மேலே பரவாமல் நின்றுவிடும். 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் தடவிய சொத்தை கறுத்துப் போகும். இதை முதலிலேயே சொல்லாமல் ஒரு பெண் பிள்ளையின் முன்பல்லில் தடவிவிட்டால், அவள் அம்மா அந்தத் தன்னார்வலரை அப்புறம் வாசலில் ஏற்ற மாட்டார். மருந்து தடவச் சொல்லிக் கொடுப்பதைவிட இதைப் பேசச் சொல்லிக் கொடுப்பதுதான் பெரிய பயிற்சி.

"அரைகுறை வைத்தியர்களை உருவாக்கப் பார்க்கிறாயா?" என்று பல் டாக்டர் நண்பன் சண்டைக்கு வந்தான். செட் மாத்திரை கொடுக்கிறவர் முழு வைத்தியரா? மதுரைக்காரர்களுக்கு இதில் சந்தேகமே வரக்கூடாது. 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் வெங்கடசாமி. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது முதல் ஆபரேஷனுக்குத் தயார்படுத்துவது வரை அவர்களே செய்கிறார்கள். டாக்டர் கத்தி பிடிக்கிறார். கண்ணுக்குச் சரியென்றால் பல்லுக்கு ஏன் ஆகாது?

ஒரு பயம் மட்டும் எனக்கும் உண்டு. சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்டாமல், இன்னொரு நோட்டைக் கையில் திணித்து 'இதையும் எழுது' என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம், அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் தாலுகா ஆஸ்பத்திரியில் இன்ன கிழமை இன்ன நேரம் என்று பல் நாற்காலி காலியாக இருக்க வேண்டும். அது இல்லாமல் ஊர் ஊராகச் சொத்தையை எண்ணி என்ன பண்ண?

அத்தைக்கு இப்போது மறுபக்கம் ஒரு பல் ஆடுகிறது. எப்போது காட்டப் போகலாம் என்று போனில் கேட்டேன். "கடலை பிடுங்கி முடியட்டும்ப்பா" என்கிறார்.