எஃப்.ஐ.ஆர். தாமதமானால் இழப்பீடு போய்விடாது

வைகாசியில் செங்கல்பட்டில் கார் மோதித் தன் கணவர் அடிபட்டதாகவும், அன்றே போலீசில் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போடவில்லை என்றும் சொல்லி, இழப்பீடு கிடைக்குமா என்று பாபநாசத்துத் தங்கை ஒருவர் கேட்டிருந்தார். "அன்றே எஃப்.ஐ.ஆர். போடவில்லை, இனி கேஸ் நிற்காது. கார்க்காரர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்" என்று அவருக்கு ஓர் அண்ணன் பதில் சொல்லியிருக்கிறார். அது தவறு. தங்கச்சி, தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடிபட்ட கணவரைத் தூக்கிக்கொண்டு யாரும் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள். புகார் தாமதம் என்பதற்காகவே உண்மையான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. நாளைக்கே புகார் கொடுங்கள், தாமதத்துக்கான காரணத்தையும் அதிலேயே எழுதுங்கள்.

அப்புறம், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, வாங்கிப் படித்துப் பாருங்கள். என் சித்தப்பாவை கார்தான் இடித்தது. பதிவேட்டில் "வழுக்கி விழுந்தார்" என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரியைச் சரிசெய்ய நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக்கடை பில் எதையும் தொலைக்காதீர்கள். குறுவை நடவுக்குப் போக முடியாமல் இழந்த கூலியையும் கேட்கலாம்.

விபத்து செங்கல்பட்டில் நடந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்திலேயே மனு போட மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். வைகாசியில் நடந்த விபத்து என்றீர்கள், ஐப்பசி வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.