பவரா மைலேஜா என்று கேட்பவர்கள், எஞ்சின் தினமும் சூடாகுமா என்றும் கேட்க வேண்டும்

டீசல் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: “பவர் அதிகமுள்ள எஞ்சின் எடுத்தால் மைலேஜ் அடிவாங்குமா?” பெட்ரோல் எஞ்சினை மனதில் வைத்துக் கேட்கிற கேள்வி இது. இன்றைய டீசலில் பவரும் மைலேஜும் பிறப்பது ஒரே இடத்தில். எரிபொருள் எவ்வளவு பொடியாகத் தெறிக்கிறது, அதற்கு எவ்வளவு காற்று கிடைக்கிறது, எந்த நொடியில் பற்றுகிறது என்பதுதான் இரண்டையும் தீர்மானிக்கிறது. இவை சரியாக இருந்தால் இரண்டுமே கூடும், கெட்டால் இரண்டுமே சேர்ந்து இறங்கும். உண்மையான இழுபறி புகைக் கட்டுப்பாட்டோடுதான். அந்த மூன்றாவது விஷயத்தை ஷோரூமில் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1936ல் வந்த மெர்சிடிஸ் 260 டி, தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரான முதல் டீசல் கார்களில் ஒன்று. சுமார் 2.5 லிட்டர் எஞ்சின், கிடைத்தது 45 குதிரைத்திறன். அதே நிறுவனம் 2016ல் கொண்டுவந்த ஓஎம் 654 எஞ்சின் 2 லிட்டருக்கும் சற்றுக் குறைவு, அதில் 194 குதிரைத்திறன். எண்பது ஆண்டுகளில் எஞ்சின் சிறுத்து, பவர் நான்கு மடங்கு ஆகியிருக்கிறது. டீசல் குடிப்பது நான்கு மடங்கு ஆகவில்லை, அதுதான் கவனிக்க வேண்டியது.

டீசலின் சிக்கனத்தில் ஒரு பங்கு எரிபொருளிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ பத்து சதவீதத்துக்கும் மேல் ஆற்றல் உண்டு. இன்னொரு பங்கு காற்றை நெரிக்காமல் விடுவதில். பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் த்ராட்டில் மடல் பாதி மூடியே நிற்கும், அந்த இடுக்கு வழியே காற்றை உறிஞ்சவே எஞ்சின் பாடுபடும். டீசலில் காற்று தாராளமாக உள்ளே வருகிறது, பவரைக் கூட்டிக் குறைப்பது டீசலின் அளவு மட்டுமே. (புதிய டீசல்களிலும் ஒரு மடல் இருக்கும். அது எரிந்த புகையைத் திரும்ப உள்ளே விடும் ஈஜிஆர் ஓட்டத்துக்கும், கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரின் எரிப்புக்கும், எஞ்சினை உதறாமல் நிறுத்துவதற்கும். பவரைக் கட்டுப்படுத்துவது அதன் வேலையல்ல.)

பெரிய மாற்றம் காமன் ரெயில்: எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கி வைப்பது. 1997ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் அது முதன்முதலாக வந்தபோது ரெயில் அழுத்தம் 1,350 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). இன்று 2,000 முதல் 2,500 பார் வரை சகஜம். இவ்வளவு அழுத்தம் எதற்கு? டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகள் சில இருக்கின்றன. அவற்றின் வழியே டீசல் பாயும்போது துளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும். பெரிய துளியின் வெளிப்புறம் எரியும், நடுப்பகுதிக்குக் காற்று எட்டாமல் கரியாகிவிடும். அந்தக் கரிதான் கரும்புகை. அது வீணான டீசல், வீணான இழுவை.

அந்த டீசலும் ஒரே மூச்சில் உள்ளே போவதில்லை. முதலில் சொட்டுப்போல ஒன்றிரண்டு பைலட் தெளிப்பு, அறையைச் சூடாக்க. பிறகு முக்கியத் தெளிப்பு. தேவைப்பட்டால் கரியை எரிக்க ஒரு பின்தெளிப்பு. எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 1,000 முறை எரிகிறது. ஒவ்வொரு முறையும் ஐந்து தெளிப்பு என்று வையுங்கள், ஒரே இன்ஜெக்டர் நொடிக்கு எண்பது தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. பழைய டீசலின் ‘கடகட’ சத்தம் அடங்கியதற்கு இந்தப் பைலட் தெளிப்புதான் முக்கியக் காரணம்.

கம்ப்ரஷன் ரேஷியோ (சிலிண்டரில் காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கு) விஷயத்தில் பலரிடம் பழைய நம்பிக்கை இன்னும் இருக்கிறது: கூட இருந்தால்தான் நல்ல டீசல் என்று. பழைய எஞ்சின்களில் 21, 22 வரை இருந்தது உண்மை. இப்போது 15, 16. மாஸ்டா 2012ல் தன் 2.2 லிட்டர் ஸ்கைஆக்டிவ் டீசலை 14க்கே இறக்கியது. ரேஷியோ குறைந்தால் உச்ச அழுத்தமும் வெப்பமும் குறைகின்றன. பாகங்களை இலகுவாகச் செய்யலாம், உராய்வு குறைகிறது, நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. இதற்குக் கொடுக்கும் விலை, குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிரமம். அறையைச் சூடாக்கும் க்ளோ பிளக்கும் பல தெளிப்புகளும் அதைச் சமாளிக்கின்றன. இந்த வகை எஞ்சினில் ஒரே ஒரு க்ளோ பிளக் போனாலும் காலை ஸ்டார்ட்டில் உதறலும் வெள்ளைப் புகையும் தெரியும், தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள்.

இனி பவர் கணக்கு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் குதிரைத்திறன் 4,000 ஆர்பிஎம்மில் கிடைப்பது. அங்கே யார் ஓட்டுகிறார்கள்? டார்க்கை (நியூட்டன் மீட்டரில் சொல்லும் சுழற்று விசை) ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் அந்த வேகத்தில் எத்தனை கிலோவாட் என்று வரும். 115 குதிரைத்திறன் டீசல் ஒன்று 1,750 ஆர்பிஎம்மில் 300 நியூட்டன் மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்திலேயே 55 கிலோவாட், அதாவது சுமார் 75 குதிரைத்திறன் கையில் இருக்கிறது. அதே 115 குதிரைத்திறன் கொண்ட டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 1,750ல் 130 நியூட்டன் மீட்டர் தந்தால் 24 கிலோவாட்கூடத் தேறாது. டீசலுக்கு இணையாக வர அதை 3,500க்கு மேல் சுற்றவைக்க வேண்டும். சுற்று ஏற ஏற உராய்வு ஏறும், உராய்வு ஏறினால் எரிபொருள் போகும். டீசல் காரில் பவரும் மைலேஜும் கைகோத்துப் போவது இந்த இடத்தில்தான்.

1,750ல் இப்படி இழுவை வருவதற்கு விஜிடி டர்போ காரணம். வெளியேறும் புகையில் டர்பைன் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. டர்பைனைச் சுற்றியுள்ள சிறு இறக்கைகள் குறைந்த சுற்றில் இடுக்கை நெருக்கிப் புகையின் வேகத்தைக் கூட்டும், சுற்று ஏறினால் விரியும். இந்த இறக்கைகளில் கரி படிந்து இறுகினால் வண்டி திடீரென்று இழுக்காமல், எஞ்சினைக் காக்கப் பவரைத் தானே குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும். இறக்கைகள் இறுகுவது பெரும்பாலும் எப்போதும் மெதுவாக, குறைந்த தூரம் ஓடும் வண்டிகளில்.

இப்போது மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். டீசலைச் சற்று முன்னதாகத் தெளித்தால் எரிப்பு சூடாகும், மைலேஜ் கூடும். கூடவே நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். தாமதமாகத் தெளித்தால் ஆக்சைடு குறையும், கரியும் டீசல் செலவும் ஏறும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். ஐரோப்பியப் புகை விதியான யூரோ 5ல் டீசல் கார்களுக்கு கிலோமீட்டருக்கு 180 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதி, யூரோ 6ல் 80. 2015ல் வெளிவந்த ஃபோக்ஸ்வேகன் விவகாரம் இந்த இழுபறியில் நடந்த மோசடிதான். சோதனை நடப்பதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், அப்போது மட்டும் புகையை அடக்கியது, சாலையில் விட்டுவிட்டது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அது இருந்தது. அந்த ஏமாற்றுக்கு நம் நுரையீரல்தான் விலை கொடுத்தது. இதை நான் சாதாரணமாகக் கடந்துபோகத் தயாராக இல்லை.

ஆக்சைடைக் குறைக்க முதல் வழி ஈஜிஆர்: எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டு எரிப்பின் சூட்டைத் தணிப்பது. மலிவு, ஆனால் இன்டேக் பாதையில் கரியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து தார் போல் படியும். இரண்டாவது எஸ்சிஆர்: 32.5 சதவீத யூரியா கரைசலான ஆட்ப்ளூவைப் புகைக்குழாயில் தெளித்து ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுவது. என் கருத்தில் எஸ்சிஆர் உள்ள எஞ்சினே மேல். சுத்திகரிப்பு குழாயில் நடப்பதால் எஞ்சினுக்குள் எரிப்பைச் சிக்கனத்துக்காக டியூன் செய்ய இடம் கிடைக்கிறது. கூடுதலாக ஒரு டேங்க் நிரப்புவதைத் தொல்லையாக நினைக்காதீர்கள், அந்தத் தொல்லைதான் உங்கள் மைலேஜ். ஆனால் எஸ்சிஆர் நன்றாக வேலை செய்யப் புகை 200 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும்.

டிபிஎஃப்புக்கு அதைவிடச் சூடு தேவை. 2000ல் பெஜோ 607 காரில் வந்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை: கரியைப் பிடித்து வைத்து, நிறைந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரிப்பது. அதற்காகப் பின்தெளிப்பாகக் கூடுதல் டீசல் போகும். எரிந்து முடிய 10 முதல் 20 நிமிடம் ஆகலாம். அப்போது ஐடில் வழக்கத்தைவிடச் சற்று மேலே நிற்கும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, உடனடி மைலேஜ் எண் சரியும், வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சத்தமாக ஓடும். இவற்றைப் பார்த்தால் எஞ்சினை அணைக்காதீர்கள். ஒரு கியர் குறைத்து 2,000 ஆர்பிஎம் சுற்றில் பதினைந்து நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள். ஃபில்டர் சுத்தமாகிவிடும்.

பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் சேரும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். “என் வண்டி ஆயிலே குடிக்கவில்லை, ஏறியிருக்கிறது” என்று சந்தோஷப்படக்கூடாது, அது ஆபத்து. சமதளத்தில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால், சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் ஆயிலை மாற்றுங்கள். நீர்த்த ஆயிலில் முதலில் போவது பேரிங்கும் டர்போவும். ஊற்றுவது மேனுவல் சொல்லும் குறைந்த சாம்பல் வகையாக இருக்கட்டும், ஐரோப்பியத் தரக்குறியீட்டில் பெரும்பாலும் ஏசிஇஏ சி2 அல்லது சி3. ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது, ஃபில்டருக்குள்ளேயே தங்கிவிடும்.

ஓட்டுவதிலும் ஒரு தவறான சிக்கனம் உண்டு. 1,200 ஆர்பிஎம்மில் ஐந்தாவது கியரைப் போட்டு, மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிப்பது. டர்போ இன்னும் காற்றைக் கொடுக்கவில்லை, டீசல் மட்டும் கொட்டுகிறது. கரி பெருகும், எஞ்சின் அதிர்வைத் தாங்கும் டூயல் மாஸ் ஃபிளைவீலின் ஸ்பிரிங்குகள் அடிவாங்கும். பெரும்பாலான கார்களில் 1,600 முதல் 2,200 வரைதான் நல்ல இடம். இழுக்க வேண்டுமென்றால் முதலில் கியரைக் குறையுங்கள், பிறகு மிதியுங்கள்.

மைலேஜும் பிக்கப்பும் சேர்ந்து விழுந்தால் உடனே இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் ஏர் ஃபில்டர். அடுத்து, டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்: அடிப்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள், ஓரிடத்தில் எண்ணெய் ஈரமும் விரல் நுனிக்கு ஒரு கீறலும் தட்டுப்பட்டால் அங்கேதான் காற்று போகிறது. மிதிக்கும்போது ‘உஸ்’ என்ற சத்தமும் கரும்புகையும் இதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு காற்று அளவு சென்சார், ஈஜிஆர் வால்வு. கடைசியில்தான் இன்ஜெக்டர். அதற்கும் எளிய சோதனை உண்டு: நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு அளவுபாட்டில்களில் விட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓட விட்டால், எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அதன் இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. உயர் அழுத்தக் குழாயின் பக்கம் மட்டும் எஞ்சின் ஓடும்போது கையை வைக்காதீர்கள். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

எரிபொருள் ஃபில்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள். இன்ஜெக்டர் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடி சுமார் 70 மைக்ரான். உயர் அழுத்தப் பம்புக்கு உயவு கொடுப்பதே டீசல்தான். தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள், டேங்கில் உள்ள பம்ப் அப்போதே பெட்ரோலை முன்னுக்குத் தள்ளிவிடும்.

எஞ்சின் மென்பொருளை மாற்றி எழுதி (ரீமேப்) முப்பது குதிரைத்திறன் கூட்டுவது, டிபிஎஃப்பைக் குடைந்து எடுப்பது இரண்டையும் நான் ஆதரிக்க மாட்டேன். முதலாவதில் கிளட்சும் ஃபிளைவீலும் டர்போவும் வடிவமைத்த எல்லையைத் தாண்டுகின்றன. இரண்டாவது பல நாடுகளில் சட்டவிரோதம். பின்னால் வருகிறவர் நம் கரியைச் சுவாசிக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நீங்கள் தினமும் ஓட்டுவது நான்கைந்து கிலோமீட்டர் நெரிசல் என்றால் டீசல் வேண்டாம். எவ்வளவு நல்ல எஞ்சினானாலும் அது சூடாவதற்குள் நீங்கள் அணைத்துவிடுவீர்கள். டீசல் வெப்பத்தை வீணாக்குவது குறைவு, அதனாலேயே சூடாக அதிக நேரம் எடுக்கும். வாரத்தில் சில நாளாவது அரைமணி நேரம் தடையில்லாத சாலை இருந்தால் தாராளமாக வாங்கலாம். எடை கூடிய, ஏழு பேர் ஏறும் வண்டிக்குப் பிழிந்தெடுத்த 1.5 லிட்டரைவிட, மிதமாக டியூன் செய்த 2 லிட்டரே என் தேர்வு. முழு லோடில் சின்ன எஞ்சின் எப்போதும் மூச்சிரைக்கும், காகித மைலேஜ் சாலையில் வராது.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது குதிரைத்திறன் எண்ணை மறந்துவிடுங்கள். நான்கு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள், ஏசியைப் போடுங்கள். மேடான சாலையில் மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்முக்கு இறக்கி, பாதி மட்டும் மிதித்துப் பாருங்கள். உதறாமல், முனகாமல், இரண்டு நொடிக்குள் நகர ஆரம்பித்தால் அந்த எஞ்சினும் கியர் விகிதமும் அந்த எடைக்குப் பொருத்தம். இரண்டாவது கியரைத் தேட வேண்டியிருந்தால், அடுத்த காரைப் பாருங்கள்.