வலி இல்லை என்பதால் காயம் சின்னது ஆகிவிடாது
மேலே ஒருவர், "சுகர் இருந்தாலும் பரவாயில்லை, சுட்ட இடத்தில் பேஸ்ட் தடவுங்க, வலி இல்லேன்னா ஆழமில்லைன்னு அர்த்தம்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள்.

நீண்டநாள் சர்க்கரையில் கால் நரம்புகள் மரத்துப்போகும். என் சித்தி சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவந்தார். ஒன்றுமே தெரியவில்லை. ராத்திரி பாய் விரிக்கும்போதுதான் பாதத்தில் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளம்; அவருக்கு அப்போதும் வலியில்லை. ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆனது.

பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். சுட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. வீங்குவதற்குள் மெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல், ஒட்டாத சுத்தமான துணியால் மூடுங்கள்.

சர்க்கரை ஏறியிருந்தால் வெள்ளணுக்கள் கிருமியோடு சரியாகப் போராடாது, ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் பாதத்தில் சுட்டால், எவ்வளவு சின்னதானாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். மாத்திரை, இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிவப்பு பரவினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.