அப்போ மாமா எதில்தான் போனார்?

கொரோனா சாவுக் கணக்கைப் பற்றி நேற்று நான் போட்ட பதிவுக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியும். "அஞ்சு வருஷமாச்சு, இன்னும் பொணத்தை எண்ணிக்கிட்டா இருக்கீங்க?" என்ற கமெண்டுக்கு அத்தனை சிரிப்பு. சிரித்தவர்களில் மூன்று பேர் என் சொந்தக்காரர்கள். ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஆமாம், எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்போதே ஒழுங்காக எண்ணியிருந்தால் இப்போது நான் ஏன் எண்ணப்போகிறேன்?

வழக்கமான ஒரு வருஷத்தில் இத்தனை பேர் இறப்பார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் எத்தனை பேர் போனார்கள் என்பதுதான் மிகை இறப்பு. சான்றிதழில் டாக்டர் என்ன காரணம் எழுதினார் என்பதே இதற்குத் தேவையில்லை, அதனால்தான் இதை மறைப்பது கஷ்டம்.

உலக சுகாதார நிறுவனம் 2020, 2021 இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து இந்தியாவில் 47 லட்சம் என்று சொன்னபோது, அதெல்லாம் கம்ப்யூட்டர் மாடல் என்று நம் அரசு மறுத்தது. சரி, அதை ஒதுக்கி வையுங்கள். நம் அரசின் இறப்புப் பதிவேட்டையே எடுங்கள். 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1.02 கோடி. ஒரே வருஷத்தில் 21 லட்சம் கூடுதல். அந்த வருஷத்துக்கு அரசு சொன்ன கொரோனா சாவு சுமார் 3.3 லட்சம். இந்தப் பதிவேடு வெளிவந்ததே 2025 மே மாதம்தான்.

"ஜனங்க இப்போ ஒழுங்கா பதிவு பண்றாங்க, அதான் கூடியிருக்கு" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2018இலிருந்து 2019க்கே ஏழு லட்சம் போலக் கூடியிருந்தது, கொரோனா வருவதற்கு முன்பே. அந்த ஏழு லட்சத்தையும் கழித்துவிடுங்கள். மிச்சம் 14 லட்சம், சொன்ன கணக்கைப் போல நாலு மடங்கு. இவர்கள் யார்?

ஒருத்தர் யார் என்று எனக்குத் தெரியும். என் மாமா. 2021 மே, மூச்சுத் திணறலோடு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேனில் நுரையீரல் முழுக்க வெள்ளையாக இருந்தது, ஆனால் டெஸ்ட் நெகட்டிவ். நாலாம் நாள் போய்விட்டார். உடம்பை பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் கொடுத்தார்கள், முகத்தைக்கூட சரியாகக் காட்டவில்லை, சுடுகாட்டில் டோக்கன் வாங்கி ராத்திரி பதினொன்றரை வரை நின்றோம். சான்றிதழில் மட்டும் மாரடைப்பு. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்பதற்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு அத்தை அலையாத இடமில்லை. பாசிட்டிவ் ரிப்போர்ட் எங்கே என்றார்கள். "அப்போ அவர் எதுலதான்டா போனாரு?" என்று என்னைக் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

பெரு நாட்டில் 2021 மே 31ஆம் தேதி, 69,342 என்று சொல்லிவந்த எண்ணிக்கையை அரசே 1,80,764 என்று திருத்தியது. அவமானமாக நினைக்கவில்லை. நம் சென்னையிலேயே 2020 ஜூலையில் விட்டுப்போன 444 இறப்புகளைச் சேர்த்தார்களே! மனசு இருந்தால் முடியும்.

அப்புறம் "எல்லாம் ஊசியால வந்த சாவு" கோஷ்டி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஊசி மிகக் குறைவாகப் போட்ட நாடு பல்கேரியா, மிகை இறப்பில் முன்னால் நின்றதும் அதுதான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2022இல் இறப்பு கூடியதைக் காட்டுகிறீர்கள். எல்லையைத் திறந்து, கிருமி அங்கே முதல்முறையாகப் பெரிய அளவில் பரவிய வருஷம் அது. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் சுடுகாட்டு வாசலில் வரிசை நின்றபோது இரண்டு டோஸும் போட்டிருந்தவர்கள் எத்தனை பேர்? மாமா ஒன்றுகூடப் போடவில்லை. அவருக்கு ஸ்லாட் கிடைக்கவில்லை.

நான் அரசியல் பேசுகிறேன் என்றால் பேசிவிட்டுப் போகிறேன். எந்தக் கட்சியின் ஆட்சி என்று சுடுகாட்டில் யாரும் கேட்கவில்லை. ஆனால் சிரித்த மூன்று பேரும் அன்றைக்கு ராத்திரி எனக்கு போன் போட்டு அழுதவர்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாமா சாவுக்கு நீங்கள் ஒருத்தரும் வர முடியவில்லை, நான் குறை சொல்லவில்லை, யாராலும் வந்திருக்க முடியாது. அந்த சிரிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். அத்தை இப்போது முகநூலில் இருக்கிறார்.