முருங்கை விதை கலங்கலைத்தான் போக்கும்

பலர் பகிர்ந்திருக்கும் செய்தி இது: முருங்கை விதைப் பொடி போட்டுத் தெளியவைத்த தண்ணீரில் கிருமி இருக்காது, காய்ச்சாமல் குடிக்கலாம். தெளியும் என்பது உண்மை. காய்ச்ச வேண்டாம் என்பது சரியல்ல.

விதையில் நேர்மின்னேற்றம் கொண்ட சிறிய புரதம் ஒன்று இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்களுக்கு எதிர்மின்னேற்றம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் அவை லேசில் அடியில் தங்குவதில்லை. புரதம் அவற்றைக் கட்டிகட்டியாகச் சேர்த்துக் கீழே இறக்கிவிடும். படிகாரம் செய்கிற அதே வேலைதான். சூடானில் கிராமத்துப் பெண்கள் நைல் ஆற்றுக் கலங்கலை இப்படித்தான் தெளியவைத்தார்கள். நல்ல முறை, அதை நான் மறுக்கவில்லை.

மண்ணோடு பாக்டீரியாவும் பெருமளவு படியும், ஆனால் முழுதாகப் போகாது. அப்புறம், விதையிலிருந்து கரைந்த மற்ற கரிமப் பொருள்கள் தண்ணீரிலேயே தங்கிவிடுகின்றன. மிச்சமிருக்கும் பாக்டீரியாவுக்கு அது தீனி. குடத்தில் இரண்டு நாள் வைத்தால் மறுபடி பெருகலாம்.

சந்தேகம் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி இரண்டு வாங்குங்கள். ஒன்றில் விதை போட்டுத் தெளிந்த நீர், மற்றதில் அதே நீரைக் காய்ச்சி ஆறவைத்தது. அறை வெப்பத்தில் 48 மணி நேரம் விடுங்கள். கறுத்துப்போனால் மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கறுக்காவிட்டால் அதையே நற்சான்றாக எடுத்துக்கொள்ளாமல், குடிநீர் ஆய்வகம் ஒன்றில் கொடுத்துப் பாருங்கள்.