அது ரெக்கார்டு இல்லைங்க

ஞாயித்துக்கிழமை தர்மபுரி மண்டபத்துல ஒரு பொண்ணு தனியா வயலின் வாசிச்சுப் பாடிக்கிட்டிருந்தப்ப ஒருத்தர் மேடையேறி ஒயரைப் பிடுங்கினது இங்க பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் சுத்துது. அதைப் பார்த்துட்டும் "ரெக்கார்டு போட்டு ஏமாத்திடுச்சு"ன்னே எழுதிக்கிட்டிருக்கீங்க. மனசு ஆறலை, அதான் எழுதறேன்.

அது ரெக்கார்டு இல்லைங்க. வீட்ல பதிஞ்சு எடுத்துட்டு வந்தது ஒரு நொடிகூட அதுல இல்லை.

நான் மூணாவது வரிசை. நல்லாவே பார்த்தேன். கால்கிட்ட இருந்தது லூப் பெடல். மேடையில வாசிக்கறதை அங்கேயே பதிஞ்சு, திரும்பத் திரும்ப ஓட்டற மிஷின். முதல்ல வில்லைத் தொடாம விரலால தந்தியைச் சுண்டி சின்னதா ஒரு தாளக்கட்டு. பெடலை மிதிச்சதும் அது தானா சுத்த ஆரம்பிச்சுது. அதுமேல வில்லை நீளமா இழுத்து ஒரே சுரம். அதுமேல வாயை மூடி ஒரு ஹம்மிங். மண்டபம் முழுக்க மூடுபனி இறங்கின மாதிரி ஆனப்புறம்தான் பாட்டே ஆரம்பம். நடுவுல ஒரு அடுக்கு இம்மி அளவு பிந்திடுச்சு. உடனே பெடலை அழுத்திப் பிடிச்சு அதை மட்டும் அழிச்சிட்டு மறுபடி வாசிச்சுது. முன்னாடியே பதிஞ்சு வச்சிருந்தா அந்த வேலை எதுக்கு? சாதாரணக் கச்சேரியில தப்பு விழுந்தா அடுத்த நொடி கடந்துபோயிடும். லூப்ல விழுந்தா சுத்திச் சுத்தி வந்து நிக்கும். அதைத் தனியா சமாளிக்கிற ஆளைத்தான் ஏமாத்துக்காரின்னுட்டீங்க.

பக்கத்துல எங்க தாய்மாமா. பென்னாகரம் பக்கம் கூத்துக்கு ஆர்மோனியப் பெட்டி வாசிச்சவரு. இந்த மிஷினை ஜென்மத்துல பார்த்ததில்லை. ரெண்டாவது சுத்துலயே, "பின்பாட்டையும் அதுவே பாடிக்குது கண்ணு"ன்னாரு. அவருக்குப் புரிஞ்சது படிச்ச உங்களுக்கு ஏன் புரியலை?

"வயலினை இப்படியா கெடுக்கறது"ன்னு ஒருத்தர். வயலினே ஐரோப்பாவுல இருந்து வந்ததுங்க. முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கத்துக்கிட்டு நம்ம சங்கீதத்துக்குள்ள கொண்டுவந்து 200 வருஷம் ஆகுது. "மிஷின் வாசிக்குது"ன்னு இன்னொருத்தர். கச்சேரியில தம்புராவுக்குப் பதிலா எலெக்ட்ரானிக் பெட்டி ஓடுதே, அதை என்னைக்காவது நிறுத்தச் சொன்னீங்களா? லூப் ஒண்ணும் நேத்து முளைச்ச தந்திரமும் இல்லை. 1960-கள்லயே டெர்ரி ரைலின்னு ஒரு அமெரிக்க இசைக்காரர் ரெண்டு டேப் ரெக்கார்டரை இணைச்சு இதைச் செஞ்சாரு.

தூக்கம் வந்துச்சுன்றீங்களா? சரி. எனக்கும் ரெண்டாவது பாட்டு நீளம்தான். பிடிக்கலைன்னு எழுதுங்க, யாரு வேணாம்னா. ரெக்கார்டுன்னு எழுதாதீங்க.

பாட்டு ஓடும்போதே மேடையேறி ஒயரைப் பிடுங்கினாரே, அவரு கேட்ட முதல் கேள்வி என்ன? "கூட யாரு வந்திருக்கா?" ராகம் கேக்கலை, தாளம் கேக்கலை. ஒரு பொண்ணு யாரும் இல்லாம தனியா நின்னு மேடையை நிறைக்குதுன்றதுதான் அவருக்கு உறுத்தல். சேமிக்காத லூப் கரண்ட் போனா போனதுதான். அதுவரைக்கும் கட்டின அத்தனை அடுக்கும் ஒரு இழுப்புல போச்சு. அந்தப் பொண்ணு வில்லைக் கையில வச்சிக்கிட்டு அப்படியே நின்னுது. எதிர்ல நாற்காலியில இருந்த நாம யாரும் எந்திரிக்கலை. நம்ம ஊர்ல ஒண்ணுமே நடக்கறதில்லை, எல்லாத்துக்கும் பெங்களூரு போகணும்னு புலம்பறதும் நாமதான். இனி யாரு வருவாங்க?

முன்பணம் போக மீதியைத் தரமாட்டோம்னு சொல்லியிருக்காங்களாம். விழா கமிட்டிக்காரங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். பேசின தொகையை முழுசா அந்தப் பொண்ணு கையில கொடுங்க. ஒயரைப் பிடுங்கினவரு நேர்ல போய் மன்னிப்புக் கேக்கட்டும்.